ஞெரேரென: மூன்றாவது சான்று

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. அகராதி அலுவலகத்தில் பதினேழு வருடமாக நான் உட்கார்ந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அடியில் காகிதம் மடித்து வைத்திருக்கும். இங்கே சுகமாக இருக்கிறது. கேளுங்கள், எல்லாம் சொல்கிறேன். இரண்டு நாளாக எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வருகிறது, அதை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் வேலை எடுத்துக்காட்டு வாக்கியம் சேர்ப்பது. ஒரு சொல்லை யார், எங்கே, எப்படிச் சொன்னார்கள் என்று அட்டையில் எழுதி வைப்பேன். சொந்தமாக இட்டுக்கட்டக் கூடாது. எங்கள் தொழிலில் அது திருட்டு. மூன்று சான்று இருந்தால் சொல் அகராதியில் நிற்கும். அதில் ஒன்றாவது இப்போது உயிரோடிருப்பவர் வாயிலிருந்து வந்து, அச்சிலோ ஆவணத்திலோ ஏறியிருக்க வேண்டும்.

'ஞெரேரென' என்ற சொல்லுக்கு இரண்டு பழைய சான்றுதான் இருந்தது. சட்டென்று, முறிகிற ஓசையோடு என்று பொருள். ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன். வாயிலேயே ஏதோ முறிகிறதல்லவா? அதன்மேல் எனக்குக் கொள்ளை ஆசை. பெரிய ஆசிரியர் அட்டையைப் பார்த்துவிட்டு, "யாருப்பா இதெல்லாம் இப்ப பேசறாங்க? வருஷக் கடைசி வரைக்கும் பாரு, இல்லன்னா தூக்கிடு" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டடத்தைப் பெருக்கும் அக்காவைப் பிடித்தேன். அவர் எங்கள் அலுவலக ஆள் இல்லை. விதியை மீறாமல்தான் செய்தேன். நாலு மாதம் அவர் முன்னால் பென்சிலை முறித்தேன், குச்சியை முறித்தேன், பிஸ்கட்டைக்கூட விடவில்லை. "ஞெரேர்னு முறிஞ்சுது பாருங்க" என்று நானே சொல்லிவிட்டு, "எப்படி முறிஞ்சுது, சொல்லுங்க?" என்பேன். "சார், உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று சிரிப்பார். ஒரு நாள் துடைப்பக்கட்டை முறிந்தபோது, யாரும் கேட்காமலே, "ஐயோ, ஞெரேர்னு முறிஞ்சுபோச்சே" என்றார். வராந்தாவில் நான் குதித்த குதியில் மேஜை மேலிருந்த மைப்புட்டி கவிழ்ந்தது. ஆனால் துடைப்பக்கட்டைக்கு யார் வாக்குமூலம் வாங்குகிறார்கள்?

ஆவணத்தில் ஏறுகிற மாதிரி ஏதாவது முறிய வேண்டும். மூன்றாவது மாடி வராந்தா ஓரத்து மரக் கைப்பிடி ஞாபகம் வந்தது. ரம்பத்தால் முக்கால் பாகம் அறுத்து, மெழுகை அடைத்து, மேலே பழுப்பு ஷூ பாலிஷ் தடவினேன். தினமும் பதினொரு மணிக்கு டீயோடு அங்கே சாய்கிறவர் ஒருவர்தான்: என் பக்கத்து இருக்கைப் பிழைதிருத்துபவர். கொட்டாவி அண்ணன் என்று கூப்பிடுவோம். தங்கமான மனிதர். என் நாற்காலிக் காலுக்குக் காகிதம் மடித்துக் கொடுத்ததே அவர்தான். அவர்மேல் எனக்கு ஒரு மனக்கசப்பும் கிடையாது. அந்த நேரத்துக்கு அங்கே பெருக்க வரும்படி அக்காவிடம் சொல்லி வைத்தேன்.

பத்திரிகைக்காரரிடம் அக்கா சரியாகத்தான் சொன்னார். மறுநாள் பேப்பரில் 'திடீரென' என்று மாற்றிப் போட்டுவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேப்பரும் கையுமாகத் துக்க வீட்டில் உட்கார்ந்து அழுதேன். அண்ணனின் மனைவி என் தோளைத் தொட்டு, "அழாதீங்க தம்பி" என்றார். நல்ல மனசு.

அப்புறம்தான் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் விசாரிக்க வந்தீர்கள். அக்கா சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதினீர்கள். "இந்த வார்த்தைய எங்கம்மா பிடிச்சே?" என்று நீங்கள் கேட்க, "இவருதான் சார் நாலு மாசமா சொல்லிக் குடுத்தாரு" என்று அவர் என்னைக் காட்ட, எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆமாம் ஐயா, அறுத்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். அதற்கு முன்னால் அக்காவின் வாக்குமூலத்தில் அந்த இடம் எந்தப் பக்கம், எத்தனையாவது வரி என்று மட்டும் சொல்லுங்கள். "கைப்பிடி ஞெரேர்னு முறிஞ்சுது சார், அவரு கத்திக்கிட்டே கீழ போயிட்டாரு." இதுதானே? முதல் பாதியை அட்டையில் ஏற்றிக்கொள்கிறேன். பின்பாதி பொருளுக்குத் தேவையில்லை.