பச்சைச் சேலைக்கு அனுப்பின காசு

இல்ல மேடம், தண்ணி வேணாம். முதல்ல இந்த பைலப் பாருங்க. எல்லாம் வாட்சப் மெசேஜு, ஒண்ணு விடாம பிரிண்ட் எடுத்துட்டேன். டிவோர்ஸ் கேஸுன்னா ஆதாரம் இல்லாம வராதீங்கன்னு போன்ல நீங்கதானே சொன்னீங்க?

அவ பேரு லோஷினி. படம் கிடையாது, ஒரு ஆர்க்கிட் பூவ மட்டும் வச்சிருக்கா. ராங் நம்பர் மாதிரி ஆரம்பிச்சா. என் வீட்டுக்காரரு ரூபேந்திரனும், யாரும்மா நீங்க, தெரியலயேன்னு மரியாதையாத்தான் பதில் போட்டாரு. அப்புறம் தைப்பூசத்துக்குச் சேலை எடுக்கணும், காசு வேணும்னு கேட்டா. உடனே அனுப்பிட்டாரு லா! வீட்டுல சமையல் கேஸ் தீந்துபோச்சுன்னா மட்டும் சம்பளம் வரட்டும்பாரு.

அதுலேர்ந்து பாருங்க. சாயாங்! சாப்ட்டியா சாயாங், தூங்கலயா சாயாங். மலாய்ல கொஞ்சுறாரு, தமிழ்ல வாய் வரல போல. எனக்கு வயிறு எரியுது மேடம். கல்யாணம் ஆனதுலேர்ந்து என்னை ஏய், இந்தா, இவளே, அவ்ளோதான். செனாய் ஊர்ல இருக்குற பேக்டரிலேர்ந்து வந்து, சோத்துல கைய வச்சிக்கிட்டு போனைப் பாத்துச் சிரிக்கிறாரு. நான் எதிர்லதான் உக்காந்திருக்கேன்.

இந்த வரியப் படிங்க. பச்சைல எடு, உனக்குப் பச்சைதான் எடுப்பா இருக்கும். எப்படி? தீபாவளிக்கு நான் என்ன கலர் கட்டினேன்னு கேட்டுப் பாருங்க, முழிப்பாரு அந்த மனுஷன்.

ம், இது அவரோட பேங்க் ஸ்டேட்மெண்ட். அவரு ஐசி, அதான் அடையாளக் கார்டு நம்பரைப் போட்டா தொறக்குது, அது எனக்கு மனப்பாடம். சேலைன்னு இருக்குல்ல, அங்க மஞ்சக் கோடு போட்டிருக்கேன்.

என்ன மேடம், அப்படிப் பாக்குறீங்க? பக்கத்துல என்ன பேரு? சின்ன எழுத்து, கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாது, நீங்களே படிங்க. பிரேமலா ஏ/பி கனகராஜ்னா போட்டிருக்கு? ஆமா, என் பேருதான், கனகராஜ் எங்கப்பா.

ஓ, அதுவா. அந்த நம்பரு என்னோடதுதான் மேடம். லோஷினின்னு யாரும் கிடையாது. இவரு எப்பப் பாத்தாலும் போனும் கையுமா இருக்காரே, ஆழம் பாப்போம்னு ஒரு சிம் வாங்கி நான்தான் எழுதினேன். காசு அனுப்பினா வந்து விழணுமே, அதான் என் பேங்க் கணக்குலயே அந்த நம்பரச் சேத்துவிட்டேன். ஆனா வேற பொம்பளைன்னு நெனச்சுத்தானே கொஞ்சினாரு? அது தப்புதானே? கேஸு நிக்காதா?

என்னது?

போன் நம்பரப் போட்டு அனுப்பினா, அனுப்புறதுக்கு முந்தியே யாரு பேருன்னு அவரு போன்ல காட்டுமா? முழுப் பேருமா? எங்கப்பா பேரோடயா?

அலமாக், ஐயய்யோ.

அப்ப அந்தப் பச்சை... இருங்க மேடம், பைல மூடாதீங்க. சாயாங்னது எல்லாமே காசு அனுப்பினதுக்கு அப்புறம்தானே? தேதியப் பாருங்க. முன்னாடி ஒண்ணுகூட இல்லல்ல? நான்தான்னு தெரிஞ்சேதான் எழுதியிருக்காரு.

இல்ல, அழல. ஆத்திரமா வருது. அந்த லோஷினிக்கு மட்டும் அத்தனை சாயாங். நான் எதிர்லதானே மேடம் உக்காந்திருந்தேன்? நேர்ல ஒரு தடவை கூப்பிட்டா வாயில இருக்குற முத்தா உதிர்ந்துடும்?