அடிக்கு எத்தனை பேரு

இல்ல மாஸ்டர், நீங்க பாட்டுக்குச் சுத்துங்க, நான் நின்னுக்கிறேன். எதிராளி பக்கத்துலேர்ந்து ஒருத்தன் வந்து, குத்துறவன் கையில துணி சுத்துறதப் பாத்துட்டு, கட்டு மேல கையெழுத்துப் போடணும். அவ்வளவுதானே என் வேலை? உக்காந்தா தூங்கிருவேன். வாய் மட்டும் சும்மா இருக்காது, பொறுத்துக்கங்க.

எதுல விட்டேன்? ஆங், ரேடியோ லாம்ப்டி. இந்த புக்கோம் பேட்டையில குத்துச்சண்டைய இங்கிலீஷ்ல சொல்ல அவன விட்டா ஆளு ஏது, சொல்லுங்க? எல்லாரும் ஹிட், ஹிட்னுவான். இவன் அப்படி இல்ல. ஒரு ரவுண்டுல ஒரு வார்த்தைய ரெண்டு தடவ சொன்னா என் வாயில கடல் மண்ணப் போடுங்கடான்னு சவால் விட்டவன். கன்னத்துல பளீர்னு விழுந்தா ஸ்மாக்காம். காதோரம் உரசிட்டுப் போனா கிளிப்பாம். வயித்துல தொம்முனு எறங்கினா தம்ப். போட்டு விளாசினா பெல்ட். மொத்தினா வாலப். இன்னும் என்னென்னமோ வச்சிருக்கான் மூதேவி, எனக்கு வாயில நொழையல.

சிரிக்கிறீங்க. அட, நெசமாத்தான். ஒரு நா மீன் தின்னுக்கிட்டே கேட்டேன், ஏன்டா அந்த ஹிட்டு மேல உனக்கு என்னடா கோவம்னு. அது வேலைக்காரி மாதிரிண்ணே, எல்லா வீட்டுக்கும் போவுதுன்னான். பாட்டு நல்லா ஓடினா ஹிட்டாம். வண்டி மரத்துல மோதினா ஹிட்டாம். ஊர விட்டுக் கெளம்பினாலும் அதையே சொல்லுவானுங்களாம் வெள்ளக்காரனுங்க. கூலிக்கு ஆள் வச்சுக் கொன்னா, அதுவும் ஹிட். அப்பறம் ஒண்ணு சொன்னான். சாவு நடந்து, எல்லாரும் கலைஞ்சு போன பெறகு, சோளமாவு கென்கிய உருட்டி வாயில வைக்கும்போது திடீர்னு ஒறைக்கும் பாருங்க, அதுக்கும் ஹிட்தானாம். அன்னிக்கு எனக்கு அது புரியல மாஸ்டர்.

அந்தக் கை முடிஞ்சுதா? நல்லா இறுக்கமாத்தான் சுத்துறீங்க. அடுத்த கையக் குடு தம்பி. மொறைக்காத, நீ சோவா, போன ஈஸ்டர்லேர்ந்து ஊருக்கே உன்னத் தெரியும்.

எங்க ஓடோய் இருந்தானே, எந் தம்பி, அவன் சண்டைன்னா அவன் பொண்டாட்டி கோர்கோர் நேர்ல வரமாட்டா. மீன் பொரிக்கிற சட்டிப் பக்கத்துல ரேடியோவ வச்சுக்குவா. ஒரு எழுத்து இங்கிலீஷ் தெரியாது. ஆனா தம்ப்னு கேட்டா, வயித்துலதான், ராவைக்கு எண்ணெய் தேச்சு விட்டா சரியாப் போவும்பா. கிளிப்னா சிரிப்பா, என் புருசன் தலைய ஒதுக்கிட்டாருடின்னு. பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் அவளக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கும், யாரு வாங்குறா, எங்க வாங்குறான்னு.

போன ஈஸ்டர்ல இந்தத் தம்பிகூட அவன் போட்ட சண்டைக்கு நான் மூலையில தண்ணி வாளியோட நின்னேன். நீங்க எதிர் மூலையில. மொத ரவுண்டுலயே எந் தம்பி புருவம் கிழிஞ்சுது. ரெண்டாவதுல கன்னம், பழுத்த தக்காளிய மிதிச்ச மாதிரி. நான் எத்தனையோ சண்டை பாத்திருக்கேன். நாமெல்லாம் சின்ன வயசுல கடற்கரையில தெருவுக்குத் தெரு வெறுங்கையால மோதினவங்கதானே? உங்க பல்லு ஒண்ணு கூட அங்கதான் போச்சு. கை விழுற சத்தம் எனக்குத் தெரியாதா? அன்னிக்கு விழுந்தது கை சத்தம் இல்ல. ஓடோய் வந்து முக்காலியில விழுந்தான், துப்புன்னேன், கடவாப் பல்லு ரெண்டு என் உள்ளங்கையில விழுந்துச்சு, ஈறோட. அண்ணே, செவுத்துல மோதுற மாதிரி இருக்குண்ணேன்னான். அதுக்குள்ள மணி அடிச்சுட்டானுங்க.

மூணாவது ரவுண்டுல லாம்ப்டிக்கு வார்த்த தீந்து போச்சு. அவன் அழுதுட்டே சொன்னான்னு அப்பறம் கேள்விப்பட்டேன். ஓடோய்க்குத் தாடை ஒதுங்கிப் போச்சு, ஒரு கண்ணு மூடிப் போச்சு, இந்த சோவா நிறுத்தல, நடுவர் பாவி நிறுத்தல. லாம்ப்டி ஹிட்னான். திரும்ப ஹிட்னான். ஹிட், ஹிட், ஹிட், அதையேதான் சொன்னானாம். கோர்கோர் மீன கருக விட்டுட்டு எந்திரிச்சிட்டா. ஏன் வார்த்தைய மாத்தல, அவன் ஏன் வார்த்தைய மாத்தலன்னு கத்திக்கிட்டே செருப்பில்லாம ஓடி வந்தா. அவ வந்து சேரும்போது எந் தம்பி காதுலேர்ந்து ரத்தம் ஓடிக்கிட்டிருந்துச்சு. என் மடியிலதான் போனான்.

ஆமா, நீங்க துக்கத்துக்கு வந்தீங்க, இல்லேங்கல. ஷ்னாப்ஸ் சாராய பாட்டிலோட வந்தீங்க. நான்தானே வாங்கி, முன்னோரைக் கூப்பிட்டுத் தரையில ஊத்தினேன்! உங்க கையால வாங்கின சரக்க எங்க அப்பன் பேரச் சொல்லி ஊத்தினேன் பாருங்க.

ஒண்ணும் இல்ல, நீங்க சுத்துங்க. முடிச்சுப் போடப் போறீங்களா? போடுங்க போடுங்க.

ஓடோயக் குளிப்பாட்டும்போது புருவக் கிழிசலுக்குள்ள வெள்ளையா ஒரு தூளு. சோப்புன்னு நெனச்சுக் கழுவிட்டோம். போன மாசம் எம் மக மாங்கா மரத்துலேர்ந்து விழுந்து கை ஒடிச்சுக்கிட்டா. ஆஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போட்டாங்க. ஈரத் துணியா இருந்தது, பாத்துட்டே இருக்கேன், கல்லாயிருச்சு. அப்பா, கை சூடாவுதுப்பான்னா புள்ள. கட்டுறவன் சொன்னான், அது இறுகும்போது சூடாவும்மா, பயப்படாதன்னு. அவன் விரல்ல வெள்ளையா ஒட்டியிருந்துச்சு பாருங்க மாஸ்டர், அந்தத் தூளு. அங்கயே தரையில உக்காந்துட்டேன். அப்பதான் லாம்ப்டி சொன்னது எனக்குப் புரிஞ்சுது.

அதான் இன்னிக்கு இவன்கூட மோதப் போற பையனோட ஆளுங்ககிட்ட போய்க் கெஞ்சினேன், கை சுத்துறதப் பாக்க என்ன அனுப்புங்கன்னு. அந்தப் பையனுக்கு மீசை கூட ஒழுங்கா மொளைக்கல.

தம்பி சோவா, கை சூடா இருக்கா? சொல்லேன். தலையக் குனியாத. கொஞ்சம் விரல மடக்கு பாப்போம். மடங்கலையா?

மாஸ்டர், துண்டுக்கு அடியிலேர்ந்து அந்த மாவுக்கட்டு வில்லைய எடுத்து, தண்ணியில நனைச்சு, முட்டி மேல வச்சு அமுக்கினீங்கல்ல, அப்பவே பாத்துட்டேன். அப்பவே கத்தியிருந்தா உருவி வாளியில போட்டு அலசிட்டு, வெறும் பஞ்சுய்யா, பைத்தியம் ஒளறுதுன்னு சொல்லியிருப்பீங்க. அது இறுகணும்ல? இறுகுற வரைக்கும் நான் எதையாவது பேசணும்ல?

கத்தரிக்கோலக் கீழ வைங்க. இனிமே அத வெட்ட முடியாது, ரம்பம் வேணும். வெளிய குத்துச்சண்டைச் சங்கத்து அதிகாரி நிக்கிறாரு. பக்கத்துல கோர்கோர் நிக்கிறா. அவளுக்குப் பின்னால எங்க தெருவே நிக்குது. கதவத் தொறக்கப் போறேன், யார மொதல்ல உள்ள விடுறதுன்னு நீங்களே சொல்லுங்க.