எருக்கஞ்செடி வளர்க்கும் முறை

திருப்பதியிலிருந்து புத்தூர் போகும் சாயங்கால பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், மடியில் காலி டிபன் டப்பாக்களோடு. சன்னலோரம் இருந்தவளுக்கு யுனிவர்சிட்டியில் தோட்ட வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"எருக்கஞ்செடிய புடுங்கனதுக்கு என் வேலையே போயிருக்கும்க்கா."

"அத்த புடுங்கத்தான உனக்குக் கூலி குடுக்கறாங்க?"

"அமெரிக்காவுல இருந்து புதுசா ஒரு சார் வந்துகீறாரு. தண்ணி கேக்காத தோட்டம் போடறாராம். நான் அம்மன் ஜாத்திரைக்கு லீவுல போனப்போ புல்லுத்தரைய எடுத்துட்டு, கல்லு கொட்டி, எருக்கு, ஆவாரை, தும்பைன்னு நட்டுட்டாரு. எனக்கு இன்னா தெரியும்? வந்து பாத்தா களை மண்டிக் கெடக்குது. ஒம்பது மணிக்குள்ள ஒண்ணு விடாம புடுங்கிட்டேன். சார் வந்து மெச்சிக்குவார்னு நின்னுக்கினு இருந்தேன்."

"மெச்சிக்கினாரா?"

"'ஏமம்மா இதி, இன்னாம்மா இது'ன்னு கல்லு மேலயே குந்திக்கினாரு. நாளையில இருந்து வேலைக்கு வராதன்ட்டாரு."

கேட்டவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பறம்?"

"மறுநாள் எங்க கொல்லையில இருந்து அதே செடிங்கள ஒரு மூட்டை கொண்டுபோய் எறக்கினேன். மனுசன் அசந்துட்டாரு. 'நான் நட்டத விட நல்லா வளந்துகீதே, இதுக்கு இன்னாம்மா பண்றீங்க'ன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"'வருஷா வருஷம் புடுங்கிக்கினே கீறோம் சார், அவ்ளோதான்'னேன்."

"அதுக்கு?"

"நோட்டுல எழுதிக்கினாரு."