மூச்சு வாங்கும் இடம்

பாடுகிறவர்கள் வெந்நீர் குடிக்க வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். தேவையே இல்லை. சாதாரணத் தண்ணீரே போதும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி குடிக்க வேண்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் ஒரு ஈரத் துண்டைத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. இருபத்தைந்து வருஷமாக நான் அப்படித்தான் செய்கிறேன், என் குரலில் ஒரு குறை கிடையாது. பாடகி சிசாவின் தொண்டைக்கு என்ன ஆனது என்று நீங்கள் கேட்டிருப்பதால், தொண்டையைக் காப்பது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

சிசாவின் குடும்பத்துக்காக வந்திருக்கும் வக்கீல் முராகோஷி அவர்களே, நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். என் பெயர் கஜிதானி ஹிசாயே, வயது நாற்பத்தேழு. தோக்கியோவில் நகானோ ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை வீட்டில் தனியாக இருக்கிறேன். தொழில், டிராக் பாடுவது. இசையமைப்பாளர் மெட்டுப் போட்டதும், பாட்டு எப்படி வரும் என்று காட்ட முதலில் யாராவது பாடிப் பதிவு செய்ய வேண்டும். அந்த யாரோ நான். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பேர் வாங்கப்போகிற பாடகி பழகுவாள். அவள் பாடி முடித்த அன்றே என் குரலை அழித்துவிடுவார்கள். தொழிலில் இதுதான் முறை, இதற்காக யாரும் வருத்தப்படுவதில்லை.

முப்பது பெண்கள் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு ஆடும் குழுக்களுக்கு டிராக் பாடியிருக்கிறேன். முப்பது பேரும் என் ஒருத்தியைத்தான் காப்பியடித்தார்கள். அனிமே தொடர்களின் தொடக்கப் பாட்டுகளுக்குப் பாடியிருக்கிறேன். எண்பதுகளில் ஓடிய நகரத்துப் பாணிப் பாட்டு வெளிநாட்டுக்காரர்கள் புண்ணியத்தில் திரும்ப வந்தபோது, அந்தக் காலத்துக் குழைவு தெரிந்தவள் என்று என்னைத் தேடி வந்தார்கள். இப்போது ஓடுவது வேறு. கம்ப்யூட்டரைப் பாட வைத்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் பெரிய இசையமைப்பாளர்கள் ஆகிவிட்டார்கள். கம்ப்யூட்டருக்கு நுரையீரல் கிடையாது, அதனால் அவர்கள் பாட்டில் மூச்சு வாங்க இடமும் கிடையாது. முன்னிசை வைத்தால் கேட்கிறவன் விரல் அடுத்த பாட்டுக்குப் போய்விடும் என்று எடுத்த எடுப்பிலேயே பல்லவி. போனில் ஆடிக் காட்டத் தோதாகப் பதினைந்து விநாடித் துண்டு ஒன்று வேண்டும், அது உச்சத்தில் இருக்க வேண்டும். பாடுகிறவள் முகம் காட்டக் கூடாது. ஒரு படம் வரைந்து வைத்துவிட்டு, இதுதான் அவள் என்பார்கள்.

மினாமோ அப்படி ஒருத்தி. நீலக் கூந்தலோடு கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பெண் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்தவள் ஷினோஸுகா சிசா, நீகாதாவிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பெண். அவளுக்கு மெட்டுப் போட்டவன் ஹதோரி. வயது முப்பத்தொன்று, நாக்கில் தேன், எப்போதும் அவசரம். டிராக் பாடுகிறவளும் பாடகியும் சந்திப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. நான் வீட்டில் பாடி அனுப்புவேன், அவள் எங்கோ உட்கார்ந்து கேட்பாள். சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ளட்டும் என்று ஹதோரி என் எண்ணை அவளிடம் கொடுத்திருந்தான்.

மூன்றாவது பாட்டில் கடைசிப் பல்லவி அவளுக்கு எட்டவில்லை. நான்கு நாள் முயன்றார்கள். ஐந்தாம் நாள் ஹதோரி பயறுப் பூரணம் வைத்த இனிப்புப் பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்று, இடுப்பு மடங்கக் குனிந்தான். பன்னிரண்டு விநாடி மட்டும் என் குரலை அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டதாகச் சொன்னான். சிசாவுக்குக்கூடத் தெரியாது, நாலு நாளில் எத்தனையோ தடவை பாடியதில் ஏதோ ஒன்று சரியாக வந்துவிட்டது என்று அவளிடம் சொல்லியிருப்பதாகவும் சொன்னான். நான் இனிப்பை வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பன்னிரண்டு விநாடிக்குத்தான் நாடே ஆடியது. பள்ளிக்கூடப் பெண்கள் ரயிலடியில் ஆடினார்கள், பேஸ்பால் வீரர்கள் ஆடினார்கள், ஒரு ஊர் மேயர் ஆடினார். சோற்றுருண்டை வாங்கப் போன கடையில் கல்லாவில் நின்ற பெண் அதை முனகிக்கொண்டே என் சாமான்களைப் பையில் போட்டாள். இருபதாவது வயதில் நானும் மேடையில் பாடியவள்தான். இருபத்திரண்டில் குரல்நாணில் கட்டி வந்தது, ஒன்றரை வருஷம் வாயைத் திறக்காமல் கிடந்தேன். திரும்பி வந்தபோது என் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. அப்படிப்பட்டவளின் குரல் ஊரெல்லாம் ஒலிக்கிறது, அதன்மேல் ஒரு பொம்மையின் பெயர். கூட்டுக் குரல் என்றாவது என் பெயரை ஒரு மூலையில் போடச் சொல்லிக் கேட்டேன். "பேர் போட்டா எங்க பாடினீங்கன்னு கேள்வி வருமே, கஜிதானி சான்," என்றான் ஹதோரி, மரியாதைக்கு ஒரு 'சான்' போட்டு, மிகவும் அன்பாக.

அதையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஒரு வானொலிப் பேட்டி. ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு உயரத்தில் எப்படிப் பாடுகிறீர்கள் என்று கேட்டார் நிலையத்துக்காரர். சிசா சிரித்தாள்.

"எனக்கு டிராக் பாடற ஆன்ட்டி ஒருத்தங்க இருக்காங்க. அவங்க எப்படிப் பாடறாங்களோ அப்படியே பாடிடுவேன். மூச்சு வாங்கற இடம் முதக்கொண்டு."

"அப்போ ஆன்ட்டியையே மேடைக்குக் கூட்டிட்டு வந்துடலாம் போல," என்றார் அவர்.

"அவங்க வந்துட்டா நான் பொட்டியக் கட்டிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. ஆன்ட்டியாம். இதை நான் மறைக்க விரும்பவில்லை. பொறாமை என்று உங்கள் தாளில் எழுதாதீர்கள், அது ஆத்திரம். அவள் என்ன பாவம் செய்தாள் என்று நீங்கள் கேட்கலாம். அவள் சிரித்தாள். என் பன்னிரண்டு விநாடியை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஆத்திரத்தில் பாட்டுக் கெட்டுவிடும் என்பதால் ஒரு வாரம் சும்மா இருந்தேன். அதற்குள் யோசனை தானாக வந்தது. அவளே வானொலியில் சொல்லிக் கொடுத்துவிட்டாள், மூச்சு வாங்கற இடம் முதக்கொண்டு என்று.

அடுத்த ஆல்பத்துக்கு ஆறு பாட்டு. முதல் மெட்டு வந்ததும், இது அவளுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது, சுருதியை அரைக் கட்டை ஏற்றினால் எடுப்பாக இருக்கும் என்று ஹதோரிக்கு எழுதினேன். எந்தக் கட்டை என்று டிராக் பாடுகிறவளைத்தான் முதலில் கேட்பார்கள், ஆகவே அவன் உடனே ஏற்றினான். அதை நான் உண்மையில் அந்த உயரத்தில் பாடவில்லை. இரண்டு கட்டை இறக்கி, வரி வரியாகத் தனித்தனியே, நடுநடுவே தண்ணீர் குடித்துக்கொண்டு நிதானமாகப் பாடினேன். பிறகு கம்ப்யூட்டரில் மேலே தூக்கி, வரிகளை ஒட்டி, மூச்சை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். செயற்கையாகத் தெரியாமல் இருக்க அங்கங்கே லேசான கரகரப்பை மட்டும் விட்டு வைத்தேன். மூன்று நாள் வேலை. கேட்டால், நாற்பத்தேழு வயது ஆன்ட்டி ஒருத்தி ஒரே மூச்சில், தொண்டையை இறுக்கி, விளையாட்டாக உச்சத்தில் நிற்கிறாள். இவ்வளவு நுணுக்கமாக நான் எந்தப் பாட்டுக்கும் உழைத்ததில்லை. ஹதோரி கேட்டுவிட்டுக் அசந்துபோனதாக எழுதினான்.

இரண்டாவது பாட்டுக்கு இன்னொரு அரைக் கட்டை. மூன்றாவதற்கு இன்னொன்று.

சிசாவிடமிருந்து செய்தி வந்தது. "கஜிதானி சான், ரெண்டாவது சரணத்துல எங்க மூச்சு வாங்கறீங்க? நூறு தடவ கேட்டுட்டேன், கண்டுபிடிக்க முடியல."

நான் பதில் எழுத அரை மணி எடுத்துக்கொண்டேன். "வாங்கறதில்லம்மா. பழகினா வந்துடும்."

அவள் பழகினாள். தொண்டைக் கட்டி எப்படி வரும் என்பதை நான் அனுபவித்தவள், அதனால் ஒவ்வொரு படியும் எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. முதலில் காலையில் குரல் வறண்டிருக்கும். பிறகு ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி செருமிக்கொண்டே இருக்கத் தோன்றும். அடுத்து, மெதுவாகப் பாடினால் சத்தம் வராது, கத்தினால்தான் வரும். இந்த மூன்று படியில் எதிலும் இரண்டு வாரம் பேசாமல் இருந்தால் சரியாகிவிடும். அவள் மூன்றையும் என்னிடம்தான் வரிசையாகச் சொன்னாள், வேறு யாரையும் கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. கடைசி முறை, குரல் உடைகிறது, பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். "உடையற எடத்துலதான் உணர்ச்சி இருக்கு," என்று பதில் போட்டேன். அவள் ஒரு பூனை கும்பிடுகிற படத்தை அனுப்பினாள்.

பிப்ரவரியில் யோகோஹாமா அரங்கில் இரண்டு நாள் நிகழ்ச்சி. முந்தைய நாள் பிற்பகல் ஒத்திகைக்கு என்னை அவசியம் வரச் சொல்லி அனுமதிச் சீட்டு அனுப்பியிருந்தாள். போனேன். மேடைக்குப் பின்னால் இருந்த நடைவழியில், முகக்கவசம் போட்ட ஒரு குட்டிப் பெண் ஓடி வந்து என் முன்னால் குனிந்தாள். நான் நினைத்ததைவிடக் குள்ளம். காற்றுப் போன குரலில் பேசினாள்.

"ரேடியோல ஆன்ட்டின்னு சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க. உங்க பேரச் சொல்லக் கூடாதுன்னு கம்பெனில சொல்லிட்டாங்க. டக்குனு வேற என்ன சொல்றதுன்னு வாய்ல வரல." பிறகு நிமிர்ந்தாள். "உங்கள மாதிரி எனக்கு எப்பவும் வராது. ஆனா இன்னிக்கு அந்த சரணத்த ஒரே மூச்சுல பாடிக் காட்டறேன், பாருங்க."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்ல எனக்கு நேரமும் இருந்தது, ஒத்திகை தொடங்க இருபது நிமிஷம் இருந்தது. ஆனால் ஆறு மாத வேலை. அதுவும் இவ்வளவு அருகில் வந்துவிட்ட பிறகு. "தண்ணி குடிச்சுக்கோம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு என் இருக்கைக்குப் போய் உட்கார்ந்தேன்.

மெல்லிய திரைக்குப் பின்னால் அவள் உருவம் மட்டும் தெரிந்தது. இரண்டாவது சரணத்தின் பாதியில் குரல் நின்றது. இசை ஓடிக்கொண்டே இருந்தது. கருவி ஏதோ பழுது என்று நினைத்து ஒலிக்காரர்கள் வயரைத் தேடினார்கள். அவள் வாய் அசைந்துகொண்டேதான் இருந்தது, சத்தம்தான் வரவில்லை. குரல்நாணில் ரத்தக் கசிவு என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரியும். ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். தழும்பு விழுந்துவிட்டது, பேச்சு வரலாம், பாட்டு வராது என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள்.

நிகழ்ச்சி நிற்கவில்லை. முகம் தெரியாத பாடகிக்கு அது ஒரு வசதி. ஹதோரி தரையில் நெற்றி படக் குனிந்தான். இரண்டு நாளும் திரைக்குப் பின்னால் நான் பாடினேன், என் மூச்சுக்குத் தக்கபடி எல்லாப் பாட்டையும் இரண்டு கட்டை இறக்கி. பதினோராயிரம் பேர் நீல விளக்குக் குச்சியை ஆட்டினார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மினாமோவின் குரலுக்கு ஒரு முதிர்ச்சி வந்திருக்கிறது என்று பலர் எழுதினார்கள். அதையெல்லாம் நான் படித்தேன், மறுபடியும் படித்தேன்.

டிராக்குகள் வழக்கம்போல அழிந்துவிட்டன, கம்பெனியில் ஒன்றும் மிஞ்சவில்லை. சிசா மட்டும் அழிக்கவில்லை. அவள் போனில் 'கஜிதானி சான், அழிக்காதே' என்று பெயர் வைத்து எல்லாவற்றையும் வைத்திருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிடித்த குரலைப் போட்டுக் காட்டலாம் என்று அவள் அம்மா அதைத் திறந்தபோது, பக்கத்தில் நின்ற டாக்டர் கேட்டுவிட்டு, மனுஷத் தொண்டையால் இதைப் பாட முடியாது என்றாராம். அங்கிருந்துதான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். டாக்டர் கெட்டிக்காரர்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். தெரியாமல் நடந்ததல்ல. ஆறு பாட்டையும் அவள் குரலை உடைப்பதற்காகவே செய்தேன். இன்ன மாதத்தில் உடையும் என்று கணக்குப் போட்டிருந்தேன், அதற்கு இரண்டு வாரம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான் பிசகு. ஹதோரிக்கு ஒன்றும் தெரியாது. சிசா என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை, அவங்களுக்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினாள் என்றீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பெண்ணின் இரக்கம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் தாளில் ஒரு திருத்தம் மட்டும் செய்ய வேண்டும். அவள் இடத்தை நான் பறித்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. வசந்த காலச் சுற்றுப்பயணத்துக்கும் கம்பெனி என்னைத்தான் கேட்டிருக்கிறது, சரி என்றேன். ஆனால் அது அவள் தேறி வரும்வரைக்கும்தான். வந்த நிமிஷமே நான் எழுந்து இடம் கொடுத்துவிடுவேன். அதற்காகவே புதுப் பாட்டுகள் எல்லாவற்றுக்கும் இப்போதே டிராக் பாடி வைத்திருக்கிறேன். திரும்பி வந்தவள் இறங்கிப் பாடுகிறாள் என்று யாரும் அவளைக் குறை சொல்லிவிடக் கூடாது பாருங்கள், இன்னும் ஓர் அரைக் கட்டை ஏற்றியிருக்கிறேன்.