வினாகிரிச் சாலையின் ஏழாம் விதி

அமைதியே அணிகலனாய் அமர்ந்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே, நீர்வேலி வாசிகசாலை முன்றலை நிறைத்து நிற்கும் பெரியோர்களே, வெங்காயத் தோட்டத் தறையிலிருந்து கால் கழுவிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, போத்தல் கழுவிக் கழுவி விரல் வெளுத்த என் தோழியரே, முன்வரிசையில் தலை குனிந்திருக்கும் முகாமையாளர் சீவரத்தினம் ஐயா அவர்களே, மின்சாரம் மறந்துபோன இந்த மண்ணில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி என் குரலுக்கு உயிர் கொடுக்கும் நடராசா அண்ணை அவர்களே, உங்கள் அனைவருக்கும் தொழிலாளர் சங்கச் செயலாளர் அருந்ததியின் அன்பு நிறைந்த வணக்கம்.

எங்கள் வினாகிரித் தொழிற்சாலையில் என்ன செய்கிறோம்? கள்ளை வாங்குகிறோம். பீப்பாவில் ஊற்றிப் புளிக்க வைக்கிறோம். வினாகிரி ஆக்கிப் போத்தலில் அடைக்கிறோம். காலையில் கள்ளு வாடை, மதியம் கள்ளு வாடை, வீட்டுக்குப் போய்த் தலை முழுகினாலும் கள்ளு வாடை. அப்படிப்பட்ட சாலையில் நிருவாகம் எழுதியது ஏழாம் விதி. என்ன சொன்னது அந்த விதி?

'வேலைத்தலத்தில் காயமடைந்தவர் மதுவாடை அற்றவர் என லிகிதரால் மூக்கால் மணந்து உறுதிப்படுத்தப்பட்ட பின்னரே வைத்தியத்துக்கு அனுப்பப்படுவார். வாடை உள்ளவர் ஆறு வாரக் குடிநிறுத்த வகுப்பை முடித்துச் சான்றிதழ் தரவேண்டும். அனுமதியின்றி வைத்தியம் பெறுவோர் வேலையிலிருந்து நீக்கப்படுவர்.'

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாங்களும் முதலில் சிரித்தவர்கள்தான். பங்குனி மாதத்து வியாழக்கிழமை ஒன்று வரும்வரை சிரித்தோம்.

அன்று ஏணியில் நின்று பீப்பா பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் செல்வத்துரை அண்ணை. கோப்பாய்த் தேவாலயத்தில் பாட்டுக்குழுவில் நிற்பவர். ஐம்பத்திரண்டு வயதுவரை ஒரு துளி மதுவை நாவில் வைத்தறியாதவர். ஏணி சறுக்கியது. அண்ணை விழுந்தார். எங்கே விழுந்தார்? நிறைந்து நுரைத்துக்கொண்டிருந்த கள்ளுப் பீப்பாவுக்குள் விழுந்தார். தூக்கி எடுத்தபோது வலது முன்கை முறிந்து தொங்கியது.

கந்தோரில் எழுத்துவேலை பார்க்கும் லிகிதர் கனிசியஸ் கடுதாசியோடு ஓடி வந்தார். நேர்மையான பிள்ளை. குனிந்தார், மணந்தார், 'கடும் வாடை' என்று எழுதினார்.

"தம்பி, நான் குடிக்கேல்லை," என்றார் அண்ணை. "குளிச்சனான்."

"எனக்குத் தெரியும் அண்ணை. ஆனால் விதியிலை குடிச்சவர் எண்டு இல்லை. வாடை உள்ளவர் எண்டுதான் இருக்கு."

ஆகவே அண்ணை குடிநிறுத்த வகுப்புக்குப் போகவேண்டும். வகுப்பு எங்கே நடக்கிறது? கோப்பாய்த் தேவாலய மண்டபத்தில். எப்போது? சனிக்கிழமைதோறும். நடத்துபவர் யார்? அன்பர்களே, பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வகுப்பை நடத்துபவர் செல்வத்துரை அண்ணைதான். இந்த வலிகாமப் பகுதியில் அதற்கு வேறு ஆசிரியர் இல்லை.

நாங்கள் சொன்னோம், "அப்ப நல்லதாப் போச்சு. சான்றிதழை இண்டைக்கே நீங்களே எழுதுங்கோ." அண்ணை எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் களவாய்ப் பார்த்தெழுதிய பிள்ளையைப் பார்க்கும் பார்வை.

"மாணவன் ஒரு வகுப்புக்கும் வரேல்லை. ஆசிரியர் என்னெண்டு ஒப்பம் வைக்கிறது?"

சனிக்கிழமை வந்தது. இரண்டு பனைமட்டைக்கு நடுவே கட்டிய கையோடு அண்ணை மண்டபத்துக்குப் போனார். மேசைக்குப் பின்னால் நின்று மதுவின் கேடுகளைப் பேசினார். பிறகு மாணவர் இருக்கும் முன்வாங்கில் போயிருந்து தான் பேசியதை எண்ணிப் பார்த்தார். இடக்கையால் வரவு பதிந்தார். அந்தப் பதிவைச் சாலை நிருவாகத்தின் கந்தோர் அன்றே திருப்பி அனுப்பியது. ஏன்? ஆசிரியரின் ஒப்பம் வழமையான ஒப்பத்தோடு ஒத்துவரவில்லையாம்.

திங்கட்கிழமை காலை அவர் மனைவி நவமணி அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு சாலை வாசலுக்கு வந்தார். கை வாழைத்தண்டாய் வீங்கியிருந்தது. அக்கா அழவில்லை. களைத்துப்போய் நின்றார்.

"கை வேணுமோ வேலை வேணுமோ எண்டு கேட்டால், இவர் சான்றிதழ் வேணும் எண்டுறார். மூண்டு பிள்ளையளோடை நான் என்ன செய்ய, பிள்ளை?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. கழுவிய போத்தலைக் கீழே வைத்தேன். போத்தல் பகுதியைக் கூப்பிட்டேன், பீப்பாப் பகுதியைக் கூப்பிட்டேன். நாற்பத்தொரு பேர் கந்தோர் வாசலில் வரிசையாய் நின்றோம்.

"ஐயா, எல்லாருக்கும் கையிலை கீறல் இருக்கு. எங்களையும் மணந்து பாக்கச் சொல்லுங்கோ," என்றேன்.

கனிசியஸ் ஒருவர் ஒருவராய் மணந்தார். வாடை உண்டு. வாடை உண்டு. வாடை உண்டு. முகாமையாளர் ஐயாவுக்கு வியர்த்தது. நாற்பத்தொரு பேரும் ஆறு வாரம் சனிக்கிழமைதோறும் வகுப்புக்குப் போனால் அன்றைய வினாகிரியை யார் இறக்குவது? மெல்லக் கேட்டார்:

"கனிசியஸ், வாடை இல்லாத ஆள் ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லை ஐயா. நான் விடிய வந்த உடனை என்னையும் மணந்து பாக்கிறனான். எனக்கும் இருக்கு. உங்களுக்கும் இருக்கு, ஐயா."

நடராசா அண்ணை, சிரித்தது போதும், சுற்றுங்கள். குரல் மங்குகிறது. இனி நான் சொல்லப்போவதுதான் எல்லோர் காதிலும் விழவேண்டியது.

வரிசையின் கடைசியில் நின்றவர் பீப்பா உருட்டும் தம்பிஐயா. மெய்யாகவே குடிப்பவர். அதை அவர் முகத்துக்கு நேரேயே சொல்கிறேன், அவரே சொல்லச் சொன்னார். அவர் முன் வந்த கனிசியஸ் குனிந்தார், நிமிர்ந்தார், பேனையைக் கீழே வைத்தார். மூக்கைப் பொத்தவில்லை. முகம்தான் வெளிறியது.

"ஐயா, இது கள்ளு வாடை இல்லை."

தம்பிஐயாவின் காலில் சப்பாத்து. என்றுமே செருப்பும் போடாத மனிதர். கழற்றச் சொன்னோம். மாட்டேன் என்றார். கனிசியஸ் முழங்கால் ஊன்றித் தானே கழற்றினார். உடைந்த போத்தல் ஓடு வெட்டிப் பதினொரு நாள் ஆன காயம். சாக்குத்துணி சதையோடு ஒட்டிக் கறுத்துக் கிடந்தது.

"ஏன் சொல்லேல்லை?" என்று ஐயா கேட்டார்.

"வெட்டேக்கை நான் குடிவெறியிலைதான் நிண்டனான் ஐயா. விதிக்குப் பயந்து இருந்தனான். பிறகு பாத்தால் செல்வத்துரை அண்ணைக்கே மருந்து இல்லை, எனக்குத் தருவியளோ?"

 

முகாமையாளர் ஐயா தம் சைக்கிளை எடுத்தார். பின்கரியரில் தம்பிஐயாவை ஏற்றினார். கனிசியஸின் சைக்கிளில் செல்வத்துரை அண்ணை ஏறினார். அனுமதிக் கடுதாசி? ஒருவரும் தேடவில்லை. நான் பின்னால் இன்னொரு சைக்கிளில் போனேன். ஆஸ்பத்திரியில் பெண் வைத்தியர் எங்கள் ஐவரையும் ஒரு முறை மூச்சிழுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"உங்களிலை ஆர் குடிச்சது?"

சபையோரே, அந்த வேளையில் ஏழாம் விதியைத் தம் கையால் எழுதிய சீவரத்தினம் ஐயா சொன்னார்:

"அதைப் பிறகு கேளுங்கோ, டொக்டர். முதலிலை காயத்தைப் பாருங்கோ."

செல்வத்துரை அண்ணையின் கை சற்று வளைந்துதான் பொருந்தியது. தம்பிஐயா இரண்டு விரல்களை இழந்தார், கால் தப்பியது. இப்போது சனிக்கிழமை வகுப்பில் முன்வாங்கில் இருக்கிறார். இரண்டு முறை குடியை விட்டார், இரண்டு முறை திரும்பவும் தொட்டார், மூன்றாம் முறை வந்திருக்கிறார். அவரை நாம் ஏசவா வேண்டும்? காயத்துக்கு மருந்து கட்டும் நாம் குடிக்கு மட்டும் தண்டனை கட்டலாமா? நல்லவன் காயம் என்று ஒன்று உண்டா, குடிகாரன் காயம் என்று ஒன்று உண்டா? வலிக்கும்போது எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம், 'அம்மா' என்று.

பழைய விதி அழிந்தது. புதிய ஏழாம் விதியை நாங்கள் இயற்றவில்லை, சங்கம் இயற்றவில்லை. ஐயா ஆஸ்பத்திரியில் சொன்னதை அப்படியே கனிசியஸ் எழுதிச் சுவரில் ஒட்டினார். அதில் 'டொக்டர்' என்ற சொல்லை வெட்டவும் மறந்துவிட்டார். வெட்டவேண்டாம் என்று ஐயாவே சொல்லிவிட்டார்.

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கும், இடையிடையே சிரித்த வாய்களுக்கும், சிரிப்பை நிறுத்திய நெஞ்சங்களுக்கும் என் நன்றி. வீடு போய்ச் சேருங்கள், சுகமாய் இருங்கள். வணக்கம்.