மூன்று எழுத்துக்குக் காத்திருந்த சிப்

சிப்பில் எழுதுவது பெரிய வித்தை இல்லை, ஐயா. தலையில் சின்னக் கண்ணாடிச் சன்னல் இருக்கும். புற ஊதா விளக்கின் கீழ் இருபது நிமிடம் வைத்தால் பழையது அழிந்துவிடும். புதிதாக எழுதி, நெட்வொர்க் கார்டில் அதற்கென்று இருக்கும் குழியில் அழுத்த வேண்டியதுதான்.

பர்னி ஊரில் எங்கள் ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் ஆறு கணினிகள். எதிலும் டிஸ்க் கிடையாது. மின்சாரம் வந்ததும் அந்தச் சிப்தான் கேபிள் வழியே சர்வரைக் கேட்டுக் கணினியைக் கிளப்பும். வண்டிகளோடு பேசும் ரேடியோவும் அதன் வழியேதான். ஆறையும் எழுதியவன் நான், நெவில் கிராப்பர். மூன்று வருடம் ஒரு தகராறும் இல்லை. அதனால் என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. கிறிஸ்துமஸ் விருந்துப் பட்டியலில் என் பெயர் விட்டுப்போயிற்று. "அட, நீ இன்னும் இங்கதான் வேலை பாக்கறியா நெவில்?" என்று சிரித்தாள் மேற்பார்வையாளர் லொரேன். கெட்ட எண்ணத்தில் இல்லை.

ஆறு சிப்பையும் கழற்றித் திரும்ப எழுதினேன். ஒரே மாற்றம்தான். மின்சாரம் போய் வந்தால், எனக்கு மட்டும் தெரிந்த மூன்று எழுத்தைத் தட்டும்வரை சும்மா இருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் நான்கு முறை மின்சாரம் போனது. நான்கு முறையும் போய்த் தட்டினேன். "நீ இல்லேன்னா நாங்க அம்போதான்," என்றாள் லொரேன். கேட்க இதமாக இருந்தது.

ஐந்தாவது முறை ஆகஸ்டில், எங்கள் ஊர்க் குளிர்காலத்தின் கடைசியில், ஒரு பிற்பகல். போனில் லொரேன்.

"நெவில், எல்லாம் கறுப்பா நிக்குது. எங்க டெர்ரிக்கு நெஞ்சு வலியாம், பக்கத்து வீட்டுல இருந்து கூப்பிட்டாங்க. ஆம்புலன்ஸ் ஸ்டேஷன்ல போனை யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க, வண்டியெல்லாம் வெளிய இருக்கு. சீக்கிரம் வாப்பா."

டெர்ரி அவள் கணவன். மூன்று எழுத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த தடவை அவர்களே தட்டிக்கொள்வார்கள். "வரேன்," என்று சொல்லிக் காரை எடுத்தேன். வேக வரம்பைத் தாண்டவில்லை. பத்தொன்பது நிமிடம் ஆயிற்று.

நான் தட்டிய பிறகு கிளம்பிய ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தபோது டெர்ரி சமையலறைத் தரையில் கிடந்தார். உயிர் இல்லை. அடக்கத்தன்று லொரேன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக ஓடி வந்தியேப்பா," என்று அழுதாள். நானும் அழுதேன்.

அப்புறமும் சிப்புகளை ஏன் மாற்றவில்லை என்கிறீர்கள். போன மாதம் வந்த நான்கு புதுக் கார்டுகளிலும் அதையே ஏன் எழுதினேன் என்கிறீர்கள். அந்த அறையில் எல்லோரும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள், ஐயா. அந்த நிலையில் அவர்களைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.