மீதிக் கதையைச் சொல்லாத சுகிர்தா டீச்சருக்கு

ஆரம்பாக்கம் வட்டாரத்து மழலையரின் மனம் கவர்ந்த மாதரசியே! கண்டிப்பும் கனிவும் கைகோத்து நிற்கும் எங்கள் இரண்டாம் வகுப்பின் ஏந்தலே! பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியே நழுவும் பெருந்தகையே! முப்பத்து மூன்று ஆண்டுகள் அறப்பணி ஆற்றி இன்று பணி நிறைவு பெறும் அன்பு அம்மையார் திருமதி சுகிர்தா அவர்களே! வணங்கியும் வாழ்த்தியும், உரிமையோடு சற்றே கேலி செய்தும் இம்மடலை உங்கள் கரங்களில் வழங்குகிறோம். கேலி இல்லாமல் வழியனுப்பினால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

பெற்றோர் விடியும் முன்னே கும்மிடிப்பூண்டிக்கும் காட்டுப்பள்ளிக்கும் கம்பெனி பஸ் ஏறிவிடும் ஊர் இது. பிள்ளையை மடியில் வைத்துக் கதை வாசிக்க யாருக்கு நேரம்? யாரும் பக்கத்தில் இல்லாவிட்டாலும் தானே எடுத்துப் படிக்கும் பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். அதற்கு நீங்கள் கண்ட வழிதான் வம்பான வழி!

கணீரென்ற குரலில் கதை வாசிப்பீர்கள். புலி வாயைத் திறக்கும்போது, திருடன் கதவைத் தட்டும்போது, படக்கென்று புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, "தொண்ட காயுது, தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று எழுந்து போய்விடுவீர்கள். மணி அடிக்கும்வரை திரும்பமாட்டீர்கள். உங்கள் தாகத்தைப் பார்த்துச் சர்க்கரை வியாதி என்றே முடிவு கட்டினோம். தலைமை ஆசிரியர் மணவாளன் அவர்கள் இரக்கப்பட்டு, உங்கள் வகுப்புக்குப் போய் மீதிக் கதையைத் தாமே சொல்லி முடித்தார். அன்று அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை இந்தச் சபையில் விரிவாகச் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. மேசையிலிருந்த புத்தகத்தைப் பிள்ளைகள் தாங்களே மொய்த்துக்கொண்டு படிப்பார்கள் என்பதற்காகத்தான் உங்களுக்குத் தாகம் எடுக்கிறது என்று அதன் பிறகுதான் அவருக்கும் எங்களுக்கும் புரிந்தது.

இந்த ஆண்டு அந்த வித்தை நந்தினியிடம் மட்டும் பலிக்கவில்லை. பக்கத்தில் உட்காரும் விமல் படித்துச் சொல்லும் முடிவைக் காதில் வாங்கி, படத்தைப் பார்த்து ஒப்பித்துவிடுவாள் அந்தக் கெட்டிக்காரி. ஒருநாள் விமல் கோபித்துக்கொண்டு சொல்ல மறுக்கவே, மறுநாள் அவள் தாய் கன்னியம்மா கம்பெனிச் சீருடையோடு வந்து நின்றார். "இன்னா டீச்சர், பாதில உட்டுட்டுப் போயிடறீங்களாமே? புள்ள ராத்திரி சோறு துன்னல. எனக்கு பேஜாரா கீது. மீதியச் சொல்லிடுங்களேன்!"

"நான் சொல்லிட்டா அது என் கதை ஆயிடும் கன்னியம்மா. அத அவதான் எடுக்கணும்" என்றீர்கள். அவர் முகம் சிவக்கத் திரும்பிப் போனார். அன்று மதியம் நீங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "கல்நெஞ்சக்காரின்னு நெனச்சிருப்பா இல்ல? நான் ரிடையர் ஆவறதுக்குள்ள அந்தப் பொண்ணு ஒரே ஒரு புக்க தானா படிச்சுட்டா போதும்" என்று எங்களிடம் சொன்னீர்கள். எங்களுக்கும் மனசு கேட்கவில்லை.

கடந்த வாரம் உங்கள் கடைசிக் கதை. மீன்காரம்மா கூடையிலிருந்து தப்பிய நண்டு ரயிலில் டிக்கெட் பரிசோதகரின் பூட்ஸில் ஏறும் கதை. நண்டு கொடுக்கைத் தூக்கிய இடத்தில் உங்களுக்கு வழக்கம்போலத் தாகம் எடுத்தது. விமலோ மாமா கல்யாணத்துக்காக சூளூர்ப்பேட்டை போயிருந்தான். மணி அடித்து எல்லாரும் விளையாட ஓடிய பிறகும் நந்தினி மட்டும் எழவில்லை. எழுத்தின் கீழ் விரல் வைத்து, முட்டி மோதி, உதடு அசைய அசைய அவள் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நீங்கள் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். தலையைத் தூக்காமலே அவள் சொன்னாள்: "டீச்சர், நீங்க போய் இன்னும் கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கினு வாங்க. நண்டு இன்னும் எறங்கல."

விரட்டப்பட்ட நீங்கள் தண்ணீர்ப் பானையருகே வந்து உண்மையாகவே குடித்ததை அன்றுதான் பார்த்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தோம். எங்களுக்கும் தாகம் எடுத்ததாகச் சொல்லி, உங்கள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டோம்.

அம்மையீர்! சர்க்கரை அண்டாத உடலும் சலிக்காத சிரிப்பும் பெற்று, பேரன்பு சூழப் பல்லாண்டு வாழ்க! பணி நிறைவுக்குக் கைக்கடிகாரம் தருவதே வழக்கம். நாங்கள் பேர் பொறித்த எவர்சில்வர் கூஜா ஒன்றைத் தருகிறோம். நிதானமாகத் தண்ணீர் குடியுங்கள், திரும்பி வர அவசரமில்லை. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்ஙனம்,
உங்கள் வகுப்பின் கதையை இனி ஒருபோதும் முடித்து வைக்கத் துணியாத
தலைமை ஆசிரியர், ஆசிரியர்கள், சத்துணவுப் பணியாளர்கள்